முப்பத்தைந்துக்குப் பலியாகும் முக்கோணி

"கேத்திரகணிதத்தை விடு, மற்றதைப் பார்." பளையிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சாதாரண தரத்துக்குப் படிக்கிற ஒரு பிள்ளைக்குக் கணக்குத் தள்ளாடுகிறது என்று தெரிந்தவுடன் கிடைக்கிற முதல் புத்திமதி இதுதான். பாடசாலையிலும் சொல்கிறார்கள், ரியூசனிலும் சொல்கிறார்கள், தாய் தகப்பனும் தலையாட்டுகிறார்கள். "எங்கட பெடிக்குக் கணக்கு ஓடாது சேர், எப்பிடியாவது பாஸ் பண்ண வையுங்கோ" என்று வந்து நிற்கிற தகப்பனுக்கு வேறு என்ன சொல்வது? சித்திக்கு வேண்டியது 35 புள்ளி. தொடை, புள்ளிவிபரம், வட்டி, வரைபு என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கினால் 35 சேர்ந்துவிடும். தேற்றமும் நிறுவலும் கெட்டிக்காரருக்கு. சமகோண முக்கோணி வந்தால் விகிதத்தைப் போட்டுக் குறுக்கே பெருக்கு. விடை வந்தால் நல்லது, வராவிட்டால் அடுத்த வினாவுக்குப் போ.

இதை யாரும் ஒளித்து மறைத்துச் சொல்வதில்லை. அனுபவசாலிகளின் நடைமுறை ஞானம் என்று மதிப்போடு கைமாறுகிறது. அது ஞானமல்ல, பிழை என்பது என் கட்சி. பிழை என்றால் இலட்சியம் பேசுகிறவன் காண்கிற பிழை அல்ல. 35 புள்ளிக் கணக்கிலேயே பிழை.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் வைத்துவிடுகிறேன். கணிதத்துக்கு வினாத்தாள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. இரண்டாவது தாளில் ஏ பகுதியில் ஆறு வினாவில் ஐந்து, பீ பகுதியில் ஆறில் ஐந்து, வினாவொன்றுக்கு 10 புள்ளி. கேத்திரகணிதத்தைத் தொடாமலே 200 இல் 70 எடுக்க இடமிருக்கிறது என்பது வெறும் கூட்டல் கழித்தல், அதை மறுப்பதற்கில்லை. கணித ஆசிரியர் இல்லாமல் தவணை கழிகிற பாடசாலைகளும், விடிய எழும்பி வீட்டு வேலை முடித்துவிட்டு வருகிற பிள்ளைகளும் இந்தப் பக்கத்தில் உண்டு. இருக்கிற சில மாதங்களில் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று ஓர் ஆசிரியர் கணக்குப் பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் "யுத்தத்தில் அடிபட்ட பிள்ளைகள்" என்ற பழைய சாட்டை மட்டும் இனித் தூக்க முடியாது. இன்று தரம் 11 இல் இருக்கிற பிள்ளை 2009 க்குப் பிறகு பிறந்தது. அது பதுங்குகுழி பார்த்ததில்லை. நாங்கள்தான் இன்னும் அதைப் பதுங்குகுழிக்குள் வைத்துப் படிப்பிக்கிறோம்.

சரி, கணக்குக்கு வருவோம். "நிறுவல் கஷ்டம், குறுக்குப் பெருக்கல் சுலபம், கஷ்டத்தை விட்டுச் சுலபத்தை எடு" என்கிறார்கள். இதில் எது கஷ்டம், எது சுலபம் என்று யார் பார்த்தது? ஒரு கிடுகுக் கொட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். முகட்டிலிருந்து சுவர்த் தலைவரை கைமரம் 10 அடி. முகட்டிலிருந்து கைமரத்தின் வழியே 4 அடி இறங்கிய இடத்தில், இரண்டு பக்கக் கைமரங்களையும் தொடுத்து ஒரு குறுக்கு மரம் மட்டம் பார்த்து அடித்திருக்கிறது. குறுக்கு மரத்தின் நீளம் 5 அடி. கொட்டிலின் அகலம் என்ன?

குறுக்கே பெருக்க மட்டும் பழகிய பிள்ளை படத்தைப் பார்க்கும். கைமரத்தில் மேல் துண்டு 4, கீழ்த் துண்டு 6. குறுக்கு மரம் 5. ஆகவே நாலின் கீழ் ஆறு சமன் ஐந்தின் கீழ் அகலம். ஆறைந்து முப்பது, வகுத்தல் நாலு, ஏழரை அடி. எழுதி, அடியில் இரட்டைக் கோடும் போட்டுவிடும். பெருக்கலில் பிழை இல்லை, வகுத்தலிலும் பிழை இல்லை. விடைதான் பிழை.

இந்த ஏழரை அடியைச் சற்று நின்று பாருங்கள். முகட்டில் கூரையின் அகலம் பூச்சியம். 4 அடி இறங்குவதற்குள் 5 அடி அகன்றிருக்கிறது. அதே கைமரம், அதே சரிவு, இன்னும் 6 அடி கீழே போகும்போது வெறும் இரண்டரை அடிதான் அகலுமா? அப்படியானால் குறுக்கு மரம் அடித்த இடத்தில் கைமரம் முறிந்து உள்ளே மடிந்திருக்க வேண்டும். ஒரு தச்சன் இந்த விடையைக் கேட்டால் சிரிப்பான். பிள்ளை சிரிக்காது, ஏனென்றால் தான் எந்த இரண்டு முக்கோணிகளைப் பற்றிப் பேசுகிறது என்று அதற்குத் தெரியாது. சிறிய முக்கோணியின் பக்கம் 4 என்றால் பெரிய முக்கோணியின் பக்கம் 10. ஆறு என்பது எந்த முக்கோணிக்கும் பக்கமே அல்ல, அது மீதித் துண்டு. நாலுக்குப் பத்து என்றால் ஐந்துக்குப் பன்னிரண்டரை. கொட்டிலின் அகலம் பன்னிரண்டரை அடி.

இந்தப் பிழையைத் தடுப்பது எது? அவர்கள் வேண்டாம் என்று தள்ளுகிற அந்த இரண்டு வரிதான். "முகட்டுக் கோணம் இரண்டு முக்கோணிக்கும் பொது. குறுக்கு மரமும் சுவர்த் தலையும் சமாந்தரம், ஆகவே ஒத்த கோணங்கள் சமன்." இதை எழுதுகிற பிள்ளை இரண்டு முக்கோணிகளையும் பெயர் சொல்லி எழுதியே ஆகவேண்டும்; எந்தக் கோணத்துக்கு எது சோடி என்று விரல் வைத்தே ஆகவேண்டும். விரல் வைத்தபின் 6 எங்கும் நுழைய வழியில்லை. குறுக்குப் பெருக்கல் அதன்பின் வருகிற கூலிவேலை. அதை நாலு ரூபாய்க் கணிகருவியும் செய்யும்.

இன்னும் கொஞ்சம் கரடானது ஒன்று. உச்சியிலிருந்து இரண்டு பக்கங்கள்: ஒன்று 12, மற்றது 9. பன்னிரண்டு நீளப் பக்கத்தில் உச்சியிலிருந்து 6 தூரத்தில் ஒரு புள்ளி. அங்கிருந்து மற்றப் பக்கத்துக்கு ஒரு கோடு. ஆனால் அடிக்குச் சமாந்தரமாக அல்ல. புள்ளியில் உண்டாகும் கோணம், 9 நீளப் பக்கத்தின் அடிமுனையிலுள்ள கோணத்துக்குச் சமனாக இருக்கும்படி. இப்போது முக்கோணி புரண்டுவிட்டது. சிறியதின் 6 க்குச் சோடி பெரியதின் 12 அல்ல, 9. ஆகவே கோடு மற்றப் பக்கத்தை வெட்டும் இடம் உச்சியிலிருந்து 8. குறுக்குப் பெருக்கல் மட்டும் படித்தவருக்கு நாலரை வரும். பரீட்சகர் இந்த வகை வினாவைக் குரூரத்தால் போடுவதில்லை. பிள்ளை படம் பார்க்கிறதா, பழக்கம் எழுதுகிறதா என்று அறிய வேறு வழி இல்லை என்பதால் போடுகிறார்.

"அதெல்லாம் சரி, நலிந்த பிள்ளைக்கு நிறுவல் ஏறாதே" என்பார்கள். இந்த வாக்கியத்தைத்தான் நான் நம்ப மறுக்கிறேன். நலிந்த பிள்ளை என்று நாம் சொல்கிற பிள்ளைக்கு எதில் நலிவு? பெரும்பாலும் பின்னத்திலும் தசமத்திலும் வாய்ப்பாட்டிலும். அதாவது எண்ணில். சமகோணம் என்று நிறுவுவதற்கு எண்ணே வேண்டாம். பொதுக் கோணம், ஒத்த கோணம், ஒன்றுவிட்ட கோணம், குத்தெதிர்க் கோணம். ஐந்தாறு காரணங்கள், நல்ல தமிழில் மூன்று வரி. புள்ளித்திட்டமும் படிமுறைக்குத்தான் புள்ளி தருகிறது. கடைசி எண் பிழைத்தாலும் காரணங்களுக்கான புள்ளி கைவிட்டுப் போகாது. எண்ணில் தடுக்கி விழுகிற பிள்ளையிடமிருந்து எண் இல்லாத பகுதியைப் பறித்து, எண் மட்டுமே உள்ள பகுதியை அதன் கையில் கொடுத்துவிட்டு, "உனக்குச் சுலபமாக்கித் தந்திருக்கிறேன்" என்று சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். பிறகு 35 வராதபோது "அதுக்கு மண்டை இல்லை" என்று முடித்துவிடுகிறோம்.

கணக்கின் அடுத்த பிழை இன்னும் பெரிது. விட்டுவிடு என்கிறார்களே, விடக்கூடிய பொருளா இது? திரிகோணகணிதத்தைப் பிடித்துக்கொள், வரைபைப் பிடித்துக்கொள், அளவிடைப் படத்தைப் பிடித்துக்கொள், சமகோண முக்கோணியை மட்டும் விட்டுவிடு என்பது தென்னையைத் தறித்துவிட்டு இளநீருக்கு ஏணி வைக்கிற கதை. அட்டவணையில் தாஞ்சன் 35 பாகைக்கு 0.7002 என்று ஒரே ஒரு எண் ஏன் இருக்கிறது? உங்கள் முக்கோணி கொப்பித் தாளில் இருக்கலாம், என்னுடையது ஆனையிறவுக் கடல்நீரேரி அகலத்தில் இருக்கலாம். இரண்டிலும் ஒரு செங்கோணமும் ஒரு 35 பாகையும் இருந்தால் அவை சமகோணம். ஆகவே பக்க விகிதம் ஒன்றே. அந்த அட்டவணை முழுவதும் சமகோண முக்கோணித் தேற்றத்தின் அச்சுப் பிரதி. வரைபில் நேர்கோட்டின் படித்திறனைக் காண எந்த இரண்டு புள்ளியையும் எடுக்கலாம் என்கிறோம். ஏன் எந்த இரண்டையும்? கோட்டின் கீழே எங்கே படிக்கட்டு வரைந்தாலும் அந்த முக்கோணிகள் சமகோணம் என்பதால். இந்த ஏனைக் கேட்காத பிள்ளை ஒவ்வொரு பாடத்திலும் ஒரு புதுச் சூத்திரத்தைப் பாடமாக்குகிறது. ஆறு தலைப்பில் ஒரே விஷயத்தை ஆறு தரம் மனனம் செய்து, ஆறிலும் மறக்கிறது. நேரம் மிச்சம் என்று சொன்னது யார்?

பரீட்சைக்கு வெளியே உள்ள வாதம் ஒன்றுண்டு. சந்தியிலும் சலூனிலும் கேட்பது. முக்கோணி சோறு போடுமா? வாழ்க்கையில் எவன் எக்ஸ் கண்டுபிடித்தான்? இதற்குப் பளையில் நின்றுகொண்டு பதில் சொல்வது எனக்கு மிக வசதி. இது முக்கோணிக்கென்றே விரித்த தரை. மலையில்லை, மேடில்லை, தென்னையும் பனையும் தவிர நிமிர்ந்து நிற்பது ஏதுமில்லை என்றிருந்த ஊரில் இப்போது காற்றாலைகள் நிற்கின்றன. புலோப்பளைப் பக்கம் போனால் சோளகத்தில் அவை சுற்றுவதை வீதியிலிருந்தே பார்க்கலாம். இத்தனை உயரம் என்று எல்லோரும் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். வேலிக்கு உள்ளே போய் அடியில் நாடா பிடிக்க விடமாட்டார்கள்.

வேலிக்கு வெளியே நின்று அளக்கலாம். 2 மீற்றர் தடி இரண்டு, ஒரு நாடா, மண்ணில் படுக்கக் கூச்சப்படாத ஒரு பெடியன். காற்றாலையை நோக்கிய ஒரே நேர்கோட்டில் தடிகளை 60 மீற்றர் இடைவெளியில் நட்டுக்கொள்ளுங்கள். முதல் தடிக்குப் பின்னால் கண்ணைத் தரையோடு வைத்துப் பின்வாங்கிப் பின்வாங்கிப் போனால், தடியின் நுனியும் காற்றாலைத் தூணின் தலையும் ஒரே கோட்டில் வருகிற இடம் ஒன்று கிடைக்கும். அது தடியிலிருந்து 3 மீற்றர் என்று வைப்போம். இரண்டாவது தடிக்குப் பின்னால் அதே வேலை, இப்போது 4.5 மீற்றர். (எண்கள் விளக்கத்துக்காக நான் இட்டவை.) தடியும் தூணும் நிலைக்குத்து, ஆகவே சமாந்தரம், ஒவ்வொரு தடியோடும் ஒரு சிறிய முக்கோணி, ஒரு பெரிய முக்கோணி, சமகோணம். இரண்டு சோடியையும் சேர்த்துத் தீர்த்தால் உயரம் 82 மீற்றர், முதல் தடியிலிருந்து தூணுக்குத் தூரம் 120 மீற்றர். சரிபார்க்க விரும்புகிறவர்கள் பாருங்கள்: முதற் கண்ணிலிருந்து தூணுக்கு 123 மீற்றர், மூன்றுக்கு இரண்டு என்றால் 123 க்கு 82. இரண்டாம் கண்ணிலிருந்து 184.5, நாலரைக்கு இரண்டு என்றால் அதற்கும் 82. அடியைத் தொடாமல் உயரமும் தூரமும் கையில் வந்துவிட்டன.

இங்கேதான் சூத்திரக்காரரும் காரணக்காரரும் பிரிவார்கள். நாலரைக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மீற்றர். அதில் 10 சென்ரிமீற்றர் பிழைத்து 1.4 என்று எடுத்தால் உயரம் 82 இலிருந்து கிட்டத்தட்ட 88 க்குத் தாவும். படுத்தவன் தலையை அசைத்தாலே போதும். ஏன் தாவுகிறது? விடை முழுவதும் ஒரு சிறிய வித்தியாசத்தின் முதுகில் ஏறி நிற்கிறது. தடிகளை இன்னும் விலக்கி நட்டால் வித்தியாசம் பெருக்கும், பிழை சுருங்கும். படத்தைப் புரிந்தவருக்குத்தான் இது தெரியும். சூத்திரத்தைப் பாடமாக்கியவர் 88 என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார்.

இந்த முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. சீனக் கணிதர் லியூ ஹூய் கி.பி. 263 அளவில், கடலுக்கு நடுவேயுள்ள ஒரு தீவு மலையின் உயரத்தைக் கரையில் நின்றபடி இரண்டு கம்பங்களால் காண்பதை முதற் கணக்காக வைத்து ஒரு நூலே எழுதினார். கம்பங்கள் ஐந்து தப்படி உயரம், ஆயிரம் தப்படி இடைவெளி. பின்வாங்கியது 123, 127. வித்தியாசம் வெறும் நாலு தப்படி. அவருடைய விடை மலை 1255 தப்படி. கி.பி. 499 அளவில் ஆரியபடர் இதே கணக்கின் மறுபக்கத்தைச் சொல்கிறார்: விளக்குத் தண்டின் உயரம் தெரியாது, சம உயரமான இரண்டு சங்குகளை நட்டு, நிழல்களின் நீளத்தையும் நிழல் நுனிகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் கொண்டு உயரத்தை எடு. பாடப்புத்தகக் கதையில் வருகிற தேல்சும் பிரமிட்டும் இவற்றுக்கு முந்தியவை. ஆனால் பிரமிட்டின் நிழல் ஓரத்துக்குத் தேல்சால் நடந்து போக முடிந்தது. அடிக்குப் போக முடியாத இடம்தான் கேள்வியின் கடினமான வடிவம்.

அடிக்குப் போக முடியாத இடம் என்றால் பளையில் பிறந்தவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. 2000 ஆம் ஆண்டிலிருந்து பல வருடம் முன்னரங்காகக் கிடந்த முகமாலை பக்கத்திலேயே இருக்கிறது. நாட்டில் மிதிவெடி மிக நெருக்கமாகப் புதைந்த நிலங்களில் ஒன்று. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கு அப்பால் நிற்கிற பனை எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்று பலகைக்கு இப்பால் நின்று சொல்ல முடிந்த பிள்ளைக்கு, "இது வாழ்க்கைக்கு உதவாது" என்று சொல்லிக் கொடுக்கிறவரை நான் என்னவென்பது.

உலகத்திலும் இதுதான் நடந்தது. 1802 இல் நில அளவையாளர் லாம்டன் சென்னைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பக்கத்தைச் சங்கிலியால் அளந்து தொடங்கினார். அதன்பின் பெரும்பாலும் கோணங்கள்தான், தெரியாத பக்கங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. காவிரிச் சமவெளி நம்முடையதைப் போலத் தட்டை. ஏறிப் பார்க்க மலை இல்லாமல் கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கருவியைத் தூக்கும்போது கயிறு அறுந்து, அரைத் தொன் தியோடலைற்று சுவரில் மோதி நசுங்கியது. அந்த அளவையின் வழியில் வந்த கணக்குத்தான் 1856 இல் எவரெஸ்ட் 29,002 அடி என்று அறிவித்தது. கணித்தவர்களில் முதன்மையானவர் ராதாநாத் சிக்தார். 1953 வரை அதன் உச்சியில் மனிதக் கால் பட்டதாக உறுதி இல்லை. இன்றைய அளவுக்கும் அந்த எண்ணுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 30 அடி.

மலை வேண்டாம், காணிக்கு வாருங்கள். சோறு போடுமா என்று கேட்கிறவர் கையிலேயே ஒரு காணி வரைபடம் இருக்கும். அதுவும் பெரும்பாலும் போட்டோக் கொப்பி. மூலப்படம் 1:1000 அளவிடை. 30 மீற்றர் எல்லை படத்தில் 3 சென்ரிமீற்றர். பெரிய தாளைச் சிறிய தாளில் அடக்க, கடைக்காரப் பெடியன் 71 வீதத்துக்குச் சுருக்கிவிடுகிறான். எல்லை இப்போது 2.1 சென்ரிமீற்றர். மூலையில் "1:1000" என்று அச்சடித்தது அப்படியே இருக்கிறது, ஆனால் அது பொய்யாகிவிட்டது. அடிமட்டம் வைத்து அளக்கிறவருக்கு 21 மீற்றர் என்று வரும். பரப்பளவு இன்னும் மோசம்: பக்கம் 0.71 ஆனால் பரப்பு அதன் வர்க்கம், அதாவது பாதி. ஆறு பரப்புக் காணி மூன்று பரப்பாகத் தெரியும். அடுத்த வளவுக்காரன் வேலியை நகர்த்திவிட்டான் என்று சண்டை கிளம்ப இதைவிட என்ன வேண்டும்? படத்தில் கோடாக வரைந்த அளவிடைச் சட்டம் இருந்தால் தப்பலாம்; ஏனெனில் அது படத்தோடு சேர்ந்து சுருங்கும். எண் சுருங்காது. உருவம் சுருங்கினால் எது மாறும், எது மாறாது என்பதுதான் நாம் விடச் சொல்கிற பாடம். சேவையருக்குக் கட்டணம் கட்டுகிறவருக்கு அவர் தருகிற தாளை வாசிக்கத் தெரிந்திருப்பது ஆடம்பரமா?

குருநாகல், புத்தளம், கம்பஹா என்று தெற்கில் ஒரு தென்னை முக்கோணம் நெடுங்காலமாக உண்டு. 2025 இல் வடக்குக்கும் ஒன்று என்று அரசாங்கம் அறிவித்தது. ஷெல்லில் தலையிழந்த தென்னைகளைப் பார்த்த பளைக்கு நல்ல சேதி. கன்றுகளை 8 மீற்றர் சதுரத்தில் நடாமல் 8 மீற்றர் சமபக்க முக்கோணியில் நட்டால், வரிசைக்கு வரிசை இடைவெளி 6.93 மீற்றர்தான், ஏக்கருக்கு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடுதல் கன்று. முக்கோணியைப் பெயரில் மட்டும் வைத்திருந்தால் இது கிடைக்காது.

"இதுக்கெல்லாம் போனில ஆப் இருக்கு" என்று இளையவர்கள் குறுக்கிடுவார்கள். இருக்கிறது. அந்த ஆப்பும் மரத்தின் அடியைக் காட்டு, நுனியைக் காட்டு என்றுதான் கேட்கும். தரை மட்டம், மரம் நேர் என்று அதுவே எடுத்துக்கொள்ளும். கடற்காற்றில் சாய்ந்து வளர்ந்த தென்னைக்கு அது சொல்கிற எண் எதன் உயரம் என்று கேட்கத் தெரியாதவருக்கு ஆப் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். நிழல் அளந்தாலும் இதே கதை. ஏப்ரல் நடுவில், சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களில், பளையில் நண்பகல் தாண்டிச் சில நிமிடத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்ட தடிக்கு நிழலே இராது. அந்த நேரத்தில் நிழல் முறை செத்துவிடும். நிழல் நீண்டு கிடக்கும் மாலையிலும் ஒரு சிக்கல்: சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலத் தட்டு. 80 மீற்றர் உயரத் தூணின் நிழல் முனை, வெயில் 45 பாகையில் விழும்போதே ஒன்றரை மீற்றர் அளவுக்கு மங்கித்தான் தெரியும். மங்கலின் நடுவை எடு என்று சொல்ல, கதிர்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு கூட்டத்தையும் விட்டுவைக்க மனமில்லை. இவர்கள் முக்கோணியை விடச் சொல்வதில்லை; நிறுவலை மட்டும் விடச் சொல்கிறார்கள், பெருமையோடு. செங்கோண முக்கோணிக்கு வர்க்கமும் வர்க்கமூலமும் எதற்கு, நம் முன்னோர் எளிய வழி வைத்திருந்தார்கள் என்று போதையனார் பெயரில் ஒரு செய்தி வட்சப்பில் ஓயாமல் சுற்றுகிறது. நீண்ட பக்கத்தில் எட்டில் ஒன்றைக் கழி, குறுகிய பக்கத்தில் பாதியைக் கூட்டு, செம்பக்கம் வந்துவிடும். 3, 4 க்கு 5 வருகிறது. 5, 12 க்கு 13 வருகிறது. கைதட்டு. 8, 15 க்கு? 17 வரவேண்டும், 17.125 வருகிறது. இரண்டு பக்கமும் 1 என்றால் 1.414 வரவேண்டிய இடத்தில் 1.375. வேலைத்தளத்தில் கையோடு கணக்குப் பார்க்க நல்ல வழி அது, அதற்குரிய மரியாதை அதற்கு உண்டு. ஆனால் எங்கே பிழைக்கும் என்று தெரியாமல் அதைத் தேற்றத்துக்கு மேலே தூக்கி வைப்பவர் முன்னோரையும் மதிக்கவில்லை, கணக்கையும் மதிக்கவில்லை. பக்கங்களை இரட்டித்தால் அந்த வழியின் விடையும் இரட்டிக்கும். ஆகவே 3-4 இல் சரி வந்தது 6-8 இலும் 30-40 இலும் சரி வரும். பரிசோதித்தவர் பத்து உதாரணம் பார்த்தேன் என்பார். பத்தும் ஒரே வடிவம், வேறு பருமன். வடிவம் எது, பருமன் எது என்று பிரித்துப் பார்க்கப் பழகாத கண் இப்படித்தான் ஏமாறும். மேசன் மூலைமட்டத்துக்கு 3-4-5 ஐ விட்டு 6-8-10 என்றோ 12-16-20 என்றோ நூல் பிடிப்பதும் அதே தேற்றத்தால்தான்: கோணம் மாறாது, நூல் நீளும்போது கைப்பிழை மட்டும் சிறுக்கும். அவர் சாதாரண தரம் முடித்தவரா என்று நான் கேட்டதில்லை.

கடைசியாக நேரம். "நீர் சொல்லுவீர், பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம், இதெல்லாம் எப்ப செய்யிறது?" உண்மையான கேள்வி, ஆகவே உண்மையான பதில். ஒரு பாடவேளை வெளியே, தடியும் நாடாவும் கொண்டு. மூன்று பாடவேளை உள்ளே, எண்ணே இல்லாத படங்களோடு: எந்த இரண்டு முக்கோணி, எந்தக் கோணத்துக்கு எது சோடி, ஏன். அதுவரை ஒருவரும் விகிதம் எழுதக்கூடாது. ஐந்தாம் பாடவேளையில் எண்ணைக் கொடுங்கள். மாதக்கணக்கில் கடந்தகால வினாத்தாள்களில் குறுக்கே பெருக்கிக் கழிகிற நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு கிழமை.

அதுவும் முடியாது என்பவர் அடுத்த தவணைப் பரீட்சைத் தாளிலாவது ஒன்றைச் செய்து பார்க்கலாம். அந்தக் கிடுகுக் கொட்டிலைப் படமாகப் போட்டு 10 புள்ளியில் 6 ஐக் காரணங்களுக்கு ஒதுக்குங்கள். பன்னிரண்டரைக்கு 2. மீதி 2 புள்ளிக்கு ஓர் உபகேள்வி: ஒரு மாணவன் ஏழரை அடி என்று விடை எழுதினான், அப்படியானால் கைமரத்துக்கு என்ன நடந்திருக்கும்? "கணக்கு ஓடாத" பெடியன் எழுதுகிற பதிலை, புள்ளி போடுமுன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.